ஆட்டைத் திவச நினைவு மலரில் மகன் இறந்த காரணத்தை எழுதலாமா?

ஸ்காபரோத் தகப்பன் எழுதியது:

என்னுடைய மூத்த மகன் சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலேயே, தன்னுடைய அறையில், ஃபெண்டனைல் என்ற மிக வீரியமான வலிநிவாரண மருந்து கலந்த மாத்திரை ஒன்றை விழுங்கி இறந்துபோனான். அவனுக்கு வயது 23. மரண அறிவித்தலில் உறவினர்கள் எழுதிக்கொடுத்தபடி ‘அகால மரணமடைந்தார்’ என்று போட்டோம். பார்வைக்கு வைத்த இடத்தில் வந்தவர்களுக்கெல்லாம் மாரடைப்பு என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எதையும் திருத்திச் சொல்லும் நிலையில் நானோ என் மனைவியோ இருக்கவில்லை. மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை வருவதற்கே பல மாதங்கள் ஆனதால், 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடாமல் விட்டுவிட்டோம். இப்போது அறிக்கை வந்திருக்கிறது. இறந்த விதம் ‘தற்செயல்’ என்றும், இரத்தத்தில் ஃபெண்டனைல் இருந்தது என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. கிரிக்கெட் விளையாடித் தோள்மூட்டு விலகிச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பின், வைத்தியர் கொடுத்த ஒக்ஸிகோடோன் என்ற வலி மாத்திரை தீர்ந்ததும், அதே மாத்திரை என்று நம்பி வெளியில் வாங்கியிருக்கிறான் என அவனுடைய நண்பன் பொலிஸாரிடம் சொல்லியிருக்கிறான்.

ஆட்டைத் திவசத்துக்கு மலர் வெளியிடப்போகிறோம். அதில் மூன்று விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். வாழ்க்கைக் குறிப்பில் அவன் எதனால் இறந்தான் என்பதை உள்ளபடி எழுதுவது முதலாவது. இப்படியான நிலையில் ஒருவரைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முழுப் பக்கத்தில் விளக்குவது இரண்டாவது. போதைப்பொருள் எடுப்பவர்களுக்கு உயிராபத்து வராதபடி சுகாதார ஊழியர்கள் பக்கத்தில் நின்று கவனித்த, கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசு மூடிய கண்காணிப்பு நிலையங்களைப் பற்றி மாகாணசபை உறுப்பினருக்கு அனுப்பக்கூடிய ஒரு கடிதத்தின் மாதிரியை இணைப்பது மூன்றாவது. என் மனைவி முதல் இரண்டுக்கும் சம்மதித்துவிட்டார். அன்று இரவு அவனுடைய அறைக் கதவைக் கடந்து போனபோது பெரிய குறட்டைச் சத்தம் கேட்டதையும், பிள்ளை அலுப்பில் நித்திரை கொள்கிறான் என்று நினைத்ததையும் அவரே மலரில் எழுத வேண்டும் என்கிறார். என்னுடைய தமையனும் மைத்துனர்களும் மூன்றையும் எதிர்க்கிறார்கள். இங்கே பெயர் வெளியிடாமல் கேட்க முடிகிறபடியால் கேட்கிறேன்.

மார்க்கம் பெரியப்பா எழுதியது:

தம்பி, உங்களுடைய இழப்புக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். நினைவு மலர் என்பது ஐந்நூறு வீடுகளுக்குப் போகிற பொருள். சிவபுராணமும் திருப்பொற்சுண்ணமும் இருப்பதால் அதை எவரும் குப்பையில் போடமாட்டார்கள்; சுவாமி அறையில் இருபது வருடம் கிடக்கும். உங்களுக்கு ஒரு மகளும் இருப்பார், அல்லது தமையனுக்கு இருப்பார். நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது யாராவது அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார்கள். இது நியாயமான உலகம் என்று நான் சொல்லவில்லை. அந்த உலகத்தில்தான் மற்றப் பிள்ளைகள் வாழப்போகிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இறந்தவனுடைய படிப்பையும் குணத்தையும் எழுதுங்கள். தமையன் சொல்வதையும் முழுவதாகத் தள்ளிவிடாதீர்கள். அவரும் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவராகத்தான் இருப்பார்.

பிரம்ப்டன் அக்கா எழுதியது:

பெரியப்பா சொல்கிற அந்த உலகத்துக்குப் பயந்துதான் நானும் என் கணவரும் நடந்தோம். எங்களுடைய மகனும் இப்படித்தான் போனான். அவன் போதைப்பொருள் பாவிக்கிறான் என்று தெரிந்ததும், இங்கே ஒருவருக்கும் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். அங்கே கோயிலும் தோட்டமும் கிணற்றுத் தண்ணீருமாக உடம்பு தேறி, முகம் தெளிந்து திரும்பி வந்தான். வந்தவனைப் பார்த்து எல்லோரும் ஊர்க் காற்று பட்டால் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்றார்கள். திரும்பி வந்து சில வாரங்களில் பழைய நண்பர்களைச் சந்தித்த ஓர் இரவில், முன்பு எடுத்த அதே அளவை எடுத்திருக்கிறான். அத்தனை மாதம் நிறுத்தியிருந்த உடம்பு அந்த அளவைத் தாங்காது என்பதை எங்களுக்குச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. நாங்கள்தான் ஒருவரிடமும் கேட்கவில்லையே. அந்த ஒரு தகவல் தமிழில் ஏதாவது ஒரு மலரில், ஏதாவது ஒரு சுவாமி அறையில் கிடந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும்.

அண்ணா, நீங்கள் எழுதுங்கள். இந்த ஒன்றரைக் கோடி மக்கள் வாழும் மாகாணத்தில் 2023ஆம் ஆண்டு மட்டும் ஃபெண்டனைல் போன்ற ஓப்பியாய்ட் வகை மருந்துகளின் நச்சால் 2,600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கனடா முழுவதும் 2016 தொடக்கம் கணக்கிட்டால் ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. அவர்களில் எங்களுடைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண முடியாதபடி எல்லாவற்றையும் மாரடைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறோம். இருபது வயதுப் பிள்ளைகளின் மாரடைப்பை வாசிக்கும்போதெல்லாம் நான் அந்தத் தாயின் முகத்தைத்தான் நினைக்கிறேன்.

மருந்தாளர் எழுதியது:

நான் ஸ்காபரோவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மலரில் காரணத்தை எழுதுவதா இல்லையா என்பது குடும்பத்தின் முடிவு. அந்த இரண்டாவது பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது பிழையாக வந்துவிடக் கூடாது.

ஃபெண்டனைல் மோர்ஃபினைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு வீரியமானது. கள்ளமாக அச்சிடப்படும் மாத்திரையில் அது சீராகக் கலக்கப்படுவதில்லை. புட்டு மாவில் உப்பைச் சரியாகப் பிசறாவிட்டால் ஓரிடத்தில் மட்டும் கரிப்பதைப் போல, ஒரே பையிலுள்ள ஒரு மாத்திரை ஒன்றும் செய்யாமலும் அடுத்தது உயிரைக் குடிக்கக்கூடியதாகவும் இருக்கும். நேற்று எடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்ற நம்பிக்கை அதனால்தான் பயனற்றது. இந்த வகை மருந்துகள் மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதியை அடக்குகின்றன. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நிற்கும்போது, தளர்ந்துபோன தொண்டையிலிருந்து குறட்டை போலவோ களகளவென்றோ ஒரு சத்தம் வரும். தகப்பனின் மனைவி கேட்டது அதுவாகத்தான் இருந்திருக்கும். அதை ஆபத்தின் சத்தம் என்று அறிந்த தாய் தகப்பன் எங்களில் மிகக் குறைவு, ஆகவே அந்த அம்மா அதை எழுதுவதானால் அந்தப் பக்கத்தின் மிக முக்கியமான வரி அதுதான்.

இன்னொன்று. அரசாங்கத்தின் துண்டுப்பிரசுரங்களில் உதடு நீலமாகும் என்று எழுதியிருக்கும். எங்களுடைய தோலில் நீலம் இலகுவில் தெரியாது. சாம்பல் பூத்தது போல வெளிறித் தெரியும். உதட்டின் உட்புறத்தையும் பல் முரசையும் நகக் கண்களையும் பார்க்க வேண்டும். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு உலுக்கியும், நெஞ்செலும்பின் மேல் விரல் மொளியால் அழுத்தித் தேய்த்தும் எழும்பாவிட்டால் அது நித்திரை இல்லை.

இந்த வகை மருந்துகளின் வேலையைத் தடுத்து மூச்சைத் திருப்பித் தரும் நலோக்சோன் என்ற மருந்து இங்கே 2016 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலும், ஒன்ராறியோவின் மருந்துக்கடைகளில் இலவசமாகவும் கிடைக்கிறது. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே இரண்டு ஒரு சிறிய பெட்டியில் இருக்கும். சுகாதார அட்டை கட்டாயமில்லை. என்னுடைய கடைக்கு வரும் தமிழர்களில் நீரிழிவு மாத்திரைக்கும் கொலஸ்டரோலுக்கும் வருகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பெட்டியைக் கேட்டு வருகிறவர்கள் மிக அரிது. ஒருமுறை ஓர் அம்மா வந்து, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெடியனுக்கு என்று சொல்லி, மிகவும் மெல்லிய குரலில் கேட்டு வாங்கினார். யாருக்கு என்று நான் கேட்கவே இல்லை. கேட்கவும் மாட்டோம்.

பிரம்ப்டன் அக்கா எழுதியதையும் மலரில் சேர்க்கலாம். சிறையிலிருந்தோ, சிகிச்சை நிலையத்திலிருந்தோ, ஊரிலிருந்தோ திரும்பி வரும் முதல் சில வாரங்கள்தான் அதிக ஆபத்தானவை. இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக வைத்தியர் கொடுக்கும் மெதடோன், பியூப்ரனோர்ஃபின் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களின் இறப்பு வீதம், எடுக்காதவர்களுடையதில் ஏறக்குறையப் பாதிதான். ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா என்று எங்கள் பெற்றோர் அதைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறார்கள். இன்சுலினை நிறுத்தச் சொல்ல அவர்களுக்கு ஒருபோதும் மனம் வராது.

ஸ்காபரோத் தகப்பன் எழுதியது:

மருந்தாளருக்கு நன்றி. உங்கள் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சில நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்துவிட்டு, தோலின் நிறத்தைப் பற்றிய பகுதியைத் தனி எழுத்தில் போடச் சொன்னார். பெரியப்பா, உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு ஒரு மகள் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். தமையன் எதனால் இறந்தான் என்று தெரிந்தபின் விலகிப்போகிற ஒரு வீட்டுக்குத் தான் போய் வாழ வேண்டிய தேவை இல்லை என்று சொன்னார்.

டான்ஃபோர்த் வாசி எழுதியது:

முதல் இரண்டு விடயங்களிலும் எனக்கு முழு உடன்பாடு. மூன்றாவதில் இல்லை, அதைத் துக்க வீட்டின் முன் நின்று சொல்ல வேண்டியிருப்பதற்கு மன்னிக்க வேண்டும். நான் லெஸ்லிவில் பகுதிக்குக் கிட்ட வாழ்கிறேன். 2023 ஜூலையில் அங்கேயுள்ள கண்காணிப்பு நிலையத்துக்கு அருகில், போதைப்பொருள் விற்பவர்களுக்கிடையே நடந்த துப்பாக்கிச் சூட்டில், வீதியால் நடந்து போன இரண்டு பிள்ளைகளின் தாய் இறந்தார். அவருடைய குடும்பமும் துக்கத்தில்தான் இருக்கிறது. பாடசாலைக்கும் சிறுவர் பராமரிப்பு நிலையத்துக்கும் 200 மீற்றருக்குள் இருந்த நிலையங்களை 2025 மார்ச் இறுதியுடன் அரசு மூடியதை, அந்த வீதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்த பெற்றோர் பலர் வரவேற்றார்கள். அதற்குப் பதிலாக வந்திருக்கும் மையங்களில் சிகிச்சையும் வீட்டு வசதிக்கான உதவியும் இருக்கின்றன. ஒரு நினைவு மலரில் ஒரு பக்கத்து அரசியலை மட்டும் அச்சிட்டால், மற்ற இரண்டு பக்கங்களையும் வாசிக்க வேண்டியவர்கள் அந்தப் புத்தகத்தையே மூடிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

அதோடு ஒன்றைக் கேட்க வேண்டும். உங்கள் மகன் தன்னுடைய அறையில் இறந்தார். அந்த நிலையம் திறந்திருந்தாலும் அவர் அங்கே போயிருப்பாரா?

பிரம்ப்டன் அக்கா எழுதியது:

போயிருக்கமாட்டான். என்னுடையவனும் போயிருக்கமாட்டான். இறப்புகளில் பெரும்பான்மையானவை தனியார் வீடுகளுக்குள்ளேதான் நடக்கின்றன, பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆண்கள். எங்களுடைய நிலக்கீழ் அறைகளில் இருக்கிற பெடியன்களைப் பற்றித்தான் அந்தக் கணக்கு பேசுகிறது. ஆனாலும் அந்த நிலையங்களுக்கு வேறொரு வேலையும் இருந்தது. ரொறொன்ரோவில் 2019 முதல் போதைப்பொருளைப் பரிசோதித்துச் சொல்லும் சேவை ஒன்று இயங்குகிறது. மாதிரிகளைப் பெற்றுக்கொண்ட இடங்களில் இந்த நிலையங்களும் அடங்கும். மிருக வைத்தியத்தில் மயக்கத்துக்குக் கொடுக்கும் மெடிடோமிடின் ஃபெண்டனைலுடன் கலந்து வருகிறது என்று எங்களுக்கெல்லாம் தெரிந்ததே அப்படியான பரிசோதனையால்தான். நலோக்சோன் அந்த மயக்கத்தைத் தீர்க்காது. மூச்சைத் திருப்பித் தரும், ஆள் எழும்பாமல் கிடப்பார். இது தெரியாத தாய் ஒன்றன் பின் ஒன்றாக ஸ்பிரேயை அடித்துக்கொண்டே இருப்பார்.

டான்ஃபோர்த் தம்பி சொல்கிற தாயின் மரணத்தை நான் மறக்கவில்லை. என் பிள்ளையின் மரணத்தை வைத்து அவருடைய பிள்ளைகளோடு வாதாட என்னால் முடியாது. ஆனால் அரசிடம் கேட்பதே அரசியல் என்றால் எங்களுக்கு முன்னால் போன தாய்மார் ஒன்றும் செய்திருக்க முடியாது. மேற்குக் கனடாவில் தங்கள் மகன்மாரை இழந்த மூன்று பெண்கள், லெஸ்லி மக்பெயின், லோர்னா தோமஸ், பெற்ரா ஷூல்ட்ஸ், 2016இல் ‘மொம்ஸ் ஸ்டொப் த ஹார்ம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்த ஆண்டும் அதுதான். அவர்கள் பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியில் நின்று, எதனால் இறந்தான் என்று சொன்னார்கள். இன்று நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் இருக்கின்றன. ஓகஸ்ட் 31ஆம் திகதி நடக்கும் நினைவுகூரலுக்கு நான் போயிருந்தேன். அத்தனை படங்களுக்கிடையில் என் மகனுடைய படத்தைக் கொண்டுபோக அன்றைக்கு எனக்குத் துணிவிருக்கவில்லை, அதனால் தமிழ்ப் பிள்ளையின் படம் வேறு இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நின்றேன்.

மலர் வடிவமைப்பாளர் எழுதியது:

நான் பல வருடங்களாக இந்த நகரத்தில் நினைவு மலர்களை வடிவமைத்து அச்சுக்குக் கொடுக்கிறவன். எத்தனையோ வாழ்க்கைக் குறிப்புகளில் கடைசிப் பந்தியை மழுப்பி எழுதிக் கொடுத்திருக்கிறேன், வீட்டுக்காரர் கேட்டபடி. வேலையோடு சம்பந்தப்பட்ட சில யோசனைகளை மட்டும் சொல்கிறேன்.

மரணக் காரணத்தைத் தனித் தலைப்பிட்டு எழுத வேண்டாம். பிறந்தது, படித்தது, விளையாடியது, தங்கைக்குக் கார் ஓட்டப் பழக்கியது என்று போகிற குறிப்பின் ஒழுங்கிலேயே, தோளில் பட்ட காயமும் மாத்திரையும் இறப்பும் வரட்டும். வாசிக்கிறவர் அவனை முதலில் ஒரு பிள்ளையாக அறிந்த பிறகே அந்த வரிக்கு வந்து சேருவார். அடுத்து, அவசரப் பக்கத்தைப் புத்தகத்தின் நடுவில் வைத்தால் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். பின் அட்டையின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். அட்டை தடிப்பாக இருப்பதால் வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டவும் முடியும். கடிதத்தை இதற்குள் கொண்டுவர வேண்டாம் என்பதில் டான்ஃபோர்த் வாசியோடு நான் உடன்படுகிறேன். அதைத் தனித் தாளாக அடித்து, மதிய போசனத்துக்கு வருபவர்களில் விரும்புபவர்கள் எடுத்துக்கொள்ளும்படி வாசலில் வைக்கலாம். கையெழுத்திடுகிறவர் மனமறிந்து கையெழுத்திடுவார்.

மார்க்கம் பெரியப்பா எழுதியது:

மேலே எழுதப்பட்டவை எல்லாவற்றையும் வாசித்தேன். சமூகத்தைப் பற்றிய என் கணிப்பு பிழை என்று இப்போதும் நினைக்கவில்லை. கதைக்கிறவர்கள் கதைக்கத்தான் போகிறார்கள். ஆனால் அந்த மகள் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. தமையனோடு கதைப்பதற்கு வயதான ஒருவர் தேவைப்பட்டால் நான் வருகிறேன். எனக்குத் தனிமடல் அனுப்புங்கள்.

ஸ்காபரோத் தகப்பன் எழுதியது:

பெரியப்பா, நிச்சயமாக அனுப்புகிறேன். கடிதம் தனித் தாளாகப் போகும். அதில் கண்காணிப்பு நிலையங்களோடு, பரிசோதனைச் சேவைக்குச் ஸ்காபரோவில் ஓரிடமும், தமிழில் விளக்கமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பின் அட்டைக்கு நானும் மனைவியும் சேர்ந்து எழுதியது இது. பிழையிருந்தால் திருத்துங்கள்.

‘உங்கள் வீட்டில் ஒருவர் கூப்பிட்டும் உலுக்கியும் எழும்பாமல், குறட்டை போலவோ களகளவென்றோ சத்தத்துடன் மூச்சு விட்டால், அல்லது மூச்சே விடாவிட்டால், அவரை நித்திரை கொள்ள விடாதீர்கள். எங்கள் மகனின் அறையிலிருந்து அந்தச் சத்தம்தான் கேட்டது. அவருடைய உதட்டின் உட்புறமும் நகமும் சாம்பல் நிறமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உடனே 911ஐ அழையுங்கள். தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உயிரைக் காக்க அழைத்தவர் மீதும், மயங்கிக் கிடப்பவர் மீதும், தம் பாவனைக்காகப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் சாட்டப்படமாட்டாது. நலோக்சோன் ஸ்பிரேயை ஒரு மூக்குத் துவாரத்துக்குள் முழுவதாக நுழைத்து அடியுங்கள்; அடித்துப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம், ஒரு தரத்துக்குத்தான் மருந்து இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் இரண்டாவதை மற்ற மூக்கில் அடியுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை மூச்சுக் கொடுங்கள், அவரைத் தனியே விட வேண்டாம். எழும்பிவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போகட்டும், ஏனென்றால் நலோக்சோனின் வேலை போதை மருந்துக்கு முன்னரே முடிந்துவிடலாம். சில காலம் நிறுத்தியிருந்து மீண்டும் எடுப்பவருக்கே ஆபத்து அதிகம். இந்தப் பெட்டி மருந்துக்கடையில் இலவசம். ஒன்றைச் சமையலறையிலும் ஒன்றைக் காரிலும் வையுங்கள்.’

மருந்தாளர் எழுதியது:

தெளிவாக இருக்கிறது. இரண்டு திருத்தங்கள். மூச்சு வந்து, ஆள் எழும்பாமல் கிடந்தால் மேலும் மேலும் அடிக்காமல், வாந்தி தொண்டையில் அடைக்காதபடி ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும் என்ற வரியைச் சேருங்கள். அக்கா சொன்ன மெடிடோமிடின் காரணமாக அது இப்போது அவசியம். காரில் வைப்பதை நீக்கிவிடுங்கள். மாசி மாதத்துக் குளிரில் இரவு முழுவதும் காரில் கிடந்த ஸ்பிரே உறைந்திருந்தால் பாயாது. கைப்பையில் என்று மாற்றலாம். திவசத்தன்று பெட்டிகள் சிலவற்றைக் கொண்டுவந்து, ஒரு மேசையில் வைத்துப் பாவிக்கும் விதத்தைக் காட்ட நான் தயார்.

மலர் வடிவமைப்பாளர் எழுதியது:

திருத்தங்களோடு கணினியில் ஏற்றிவிட்டேன். நடுவில் தைக்கிற புத்தகம் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். தாயார் எழுதிய பகுதியைச் சேர்த்ததால் இப்போது ஒரு பக்கம் கூடுகிறது. நன்றி நவிலலில் உள்ள வானொலி, மண்டபம், உணவு வழங்குவோர் வரிசையைச் சுருக்கி, திருவெம்பாவையில் இரண்டு பாட்டுகளைக் குறைத்தால் சரியாக வரும். படம் கிரிக்கெட் உடுப்போடு நிற்பதையே அனுப்புங்கள். பட்டமளிப்புப் படம் அச்சில் தெளிவாக வராது. வியாழக்கிழமைக்குள் கிடைத்தால் அச்சகத்துக்குக் கொடுத்துவிடலாம்.